பதினொன்றாம் பக்கத்துக் கைநாட்டு

என் மகளைத் தத்தெடுத்தபோது எங்கள் கைக்கு வந்த கோப்பில் பதினாறு தாள்கள் இருந்தன. புகைப்படம், எடை, உயரம், தடுப்பூசி அட்டை, நீதிமன்ற உத்தரவு, இன்னும் சில. மருத்துவ அறிக்கையை மட்டும் மூன்று டாக்டர்களிடம் கொண்டுபோய் வரிவரியாகக் கேட்டோம். பதினொன்றாம் பக்கத்தை யாரிடமும் காட்டவில்லை. அதில் ஆங்கிலத்தில் ஒரு பத்தி, கீழே ஊதா மையில் ஒரு கைநாட்டு. அவ்வளவுதான். அதைப் புரட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனோம்.

அந்தப் பக்கத்தைச் சரியாகப் படித்த முதல் ஆள் அவள்தான். 2022-ல், அவளுக்குப் பத்தொன்பது வயதில். "அம்மா, கையெழுத்துப் போடத் தெரியாதவங்களோட பேப்பர் எதுக்கு இங்கிலீஷ்ல இருக்கு? இதை யார் அவங்களுக்குப் படிச்சுக் காட்டினது?" என்று கேட்டாள். பதினாறு வருஷமாக அந்தக் கோப்பு என் பீரோவில் இருந்தது. எனக்கு அந்தக் கேள்வி ஒரு நாளும் தோன்றவில்லை.

அவள் எந்த நாட்டில் பிறந்தாள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. இந்தக் கதையில் பாதிக்கு மேல் அவளுடையது. அவள் சரி என்ற அளவுக்குத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் பணக்காரர்கள் என்று எங்களை நினைத்ததே இல்லை. இருவரும் மாதச் சம்பளக்காரர்கள், வீட்டுக் கடன் வேறு. ஆனால் அந்தக் கைநாட்டை வைத்த, என் மகளைப் பெற்ற பெண்ணோடு ஒப்பிட்டால் நாங்கள் யார்? பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திக்கொண்டு அவள் நாட்டுக்குள் போய், ஒரு குழந்தையோடு திரும்பி வர முடிந்தவர்கள். அந்தப் பயணத்தின் விமான டிக்கெட்டுக்கு நாங்கள் கொடுத்த பணத்தை அவள் மொத்தமாகப் பார்த்திருக்கவே மாட்டாள். வசதி என்பது யார் பக்கத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்த விஷயம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நாங்கள் இருந்த நாட்டில் தத்துக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தத்து ஏற்பாடு செய்யும் ஏஜென்சி வேறொரு நாட்டைக் காட்டி, "அங்கே ஒரு வருஷத்துக்குள் கிடைத்துவிடும்" என்றது. 'கிடைத்துவிடும்' என்ற சொல்லைக் கேட்டு நாங்கள் சந்தோஷப்பட்டோம். இன்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால் முதலில் இதைத்தான் கேட்கிறேன்: ஆரோக்கியமான சின்னக் குழந்தை ஏன் இவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறது? ஒரு குழந்தை சொந்தக் குடும்பத்தில் இருக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் தாத்தா, பாட்டி, சித்தப்பா என்று உறவில் தேட வேண்டும். அதுவும் இல்லையென்றால் அந்த நாட்டிலேயே வேறு குடும்பத்தைத் தேட வேண்டும். வெளிநாட்டுத் தத்துக்கான சர்வதேச ஒப்பந்தமாக 1993-ல் உருவாகி 1995-ல் நடைமுறைக்கு வந்த ஹேக் தத்து உடன்படிக்கை சொல்கிற வரிசை ஏறக்குறைய இதுதான். வெளிநாட்டுத் தத்து அந்த வரிசையின் கடைசிப் பக்கம் வருவது. இதையெல்லாம் நேர்மையாகச் செய்தால் மாதங்கள் ஓடும். ஓடவில்லை என்றால் யாரோ எதையோ செய்யாமல் விட்டிருக்கிறார்கள்.

காத்திருப்பவர்கள் அதிகமாகி, அவர்கள் கையில் பணமும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு குவாத்தமாலா நல்ல உதாரணம். 2007-ஆம் நிதியாண்டில் மட்டும் அந்தச் சிறிய நாட்டிலிருந்து 4,700-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அமெரிக்காவுக்குப் போனார்கள். அங்கே நீதிமன்றம் பெரிதாகத் தலையிடாது, தனியார் வக்கீல்களே முடித்துவிடுவார்கள். கர்ப்பிணிகளைத் தேடிப் பிடித்துப் பேசி மசியவைக்கும் தரகர்களுக்கு 'ஹலடோரா' என்று பெயரே உண்டு. கடத்தப்பட்ட குழந்தைகளும் அந்த வரிசையில் கலந்திருந்தது வெளியே வந்த பிறகு புதிய தத்துகளை நிறுத்தினார்கள். அங்கே நடந்ததை நான் படித்தபோது என் மகளுக்குப் பத்து வயது. "நல்லவேளை, நம்முடையது அப்படி இல்லை" என்று கணவரிடம் சொன்னேன். எதை வைத்துச் சொன்னேன் என்று இப்போது யோசித்தால், ஏஜென்சியின் வழவழப்பான கையேட்டை வைத்துத்தான்.

இன்னொரு விஷயம் எனக்கு இன்றும் தூக்கத்தைக் கெடுப்பது. அவள் எங்களிடம் வந்தபோது மூன்றரை வயது. ஒரு வருஷத்தில் தமிழ் வந்துவிட்டது. ஐந்து வயது ஆகும்போது ஒரு நாள் குளித்துக்கொண்டே, "எங்க அண்ணன் என்னை முதுகுல தூக்கிட்டு ஓடுவான், அம்மா திட்டுவாங்க" என்றாள். எந்த அம்மா என்று கேட்டேன். "அங்க இருக்கிற அம்மா" என்றாள். கோப்பில் அண்ணன் இல்லை. ஏஜென்சிக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். அவள் முன்பு இருந்த குழந்தைகள் இல்லத்தில் கூட இருந்த பெரிய பையனைச் சொல்கிறாள், குழந்தைகள் இப்படிக் கலந்து பேசுவது வழக்கம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. நம்பினோம். நம்புவதுதான் எங்களுக்குச் சௌகரியமாக இருந்தது. ஐந்து வயதுக் குழந்தையின் ஞாபகத்தைவிட முத்திரை குத்திய தாள் பெரிது என்று முடிவு செய்தோம். பிறகு அவளும் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

கொஞ்சம் வளர்ந்த குழந்தையைத் தத்தெடுப்பவர்கள் அந்தக் குழந்தை தன் மொழியிலோ உங்கள் மொழியிலோ சொல்வதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். கிணறு, மஞ்சள் கதவு, நொண்டி நாய், எதுவானாலும். முடிந்தால் முதல் மாதமே அந்த மொழி தெரிந்த ஒருவரை வரவழைத்துப் பேசவிடுங்கள். நாங்கள் செய்யவில்லை. மொழி ஆறு மாதத்தில் போய்விடுகிறது, அதோடு அந்த மொழியில் இருந்ததும் போய்விடுகிறது.

சரி, பதினொன்றாம் பக்கத்துக்கு வருகிறேன். 'தந்தை இறந்துவிட்டார். தாய்க்குத் தீராத நோய். குழந்தையை வளர்க்க இயலாமல், முழுச் சம்மதத்துடன், எல்லா உரிமைகளையும் நிரந்தரமாக விட்டுக்கொடுக்கிறார்.' இதுதான் அந்தப் பத்தியின் சாரம். என் மகள் அதே இல்லத்திலிருந்து வந்த வேறு இருவரை இணையத்தில் கண்டுபிடித்தாள். மூவரும் தங்கள் கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மூன்றிலும் அதே பத்தி, அதே தீராத நோய், ஓரிடத்தில் அதே எழுத்துப் பிழைகூட. பெயரும் தேதியும்தான் வேறு.

இது எங்கள் இல்லத்துக்கு மட்டும் வந்த நோய் அல்ல. 1953-ல் போர் நின்ற பிறகு தென் கொரியா பல பத்தாண்டுகளில் சுமார் இரண்டு லட்சம் குழந்தைகளை வெளிநாட்டுக்குத் தத்து அனுப்பியது. பெற்றோர் இருந்தும் 'கைவிடப்பட்ட அனாதை' என்று பதிவு செய்யப்பட்டவர்கள் அவர்களில் உண்டு. அனாதை என்று எழுதினால் சம்மதம் வாங்கும் வேலை மிச்சம். ஆவணங்களில் பொய் எழுதப்பட்டதையும், அரசு தன் பொறுப்பில் தவறியதையும் அந்த நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமே 2025 மார்ச்சில் சொன்னது. இலங்கை உட்பட ஐந்து நாடுகளிலிருந்து 1967 முதல் 1998 வரை வந்த தத்துகளை ஆராய்ந்த நெதர்லாந்துக் குழுவும் 2021-ல் இதே மாதிரி முறைகேடுகளைக் கண்டது. அந்த அரசு உடனே வெளிநாட்டுத் தத்தை நிறுத்தி வைத்தது. இதையெல்லாம் தேடித் தேடிப் படித்தது என் மகள். இரவு பதினொரு மணிக்கு என் அறைக்கு வந்து ஒவ்வொன்றாகச் சொல்வாள். குற்றம் சாட்டும் குரலே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

தேடுவது என்று அவள் முடிவு செய்தாள். நாங்கள் பணம் கொடுத்தோம், முடிவுகளில் தலையிடவில்லை. (கணவர் ஒருமுறை தலையிட்டார், வாங்கிக் கட்டிக்கொண்டார்.) அந்த நாட்டில் இப்படித் தேடிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நல்லவர்களும் உண்டு, ஏதோ ஒரு குடும்பத்தைக் காட்டிப் பணம் வாங்குபவர்களும் உண்டு. அதனால் டிஎன்ஏ பரிசோதனை முடியும்வரை யாரையும் 'அம்மா' என்று கூப்பிடுவதில்லை என்று ஆரம்பத்திலேயே தனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டாள். இன்னொன்றிலும் கவனமாக இருந்தாள். பெற்ற தாய் இந்த விஷயத்தை ஊரிடமோ புதுக் குடும்பத்திடமோ மறைத்து வாழ்ந்துகொண்டிருக்கலாம். எனவே தேடுபவர் முதலில் அந்தப் பெண்ணிடம் மட்டும், தனியாக, போட்டோ கீட்டோ எதுவும் எடுக்காமல் பேச வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டாள். எனக்கு இந்த யோசனை வந்திருக்காது.

ஏழு மாதம் ஆனது. தாய் உயிரோடு இருந்தார். அண்ணனும் இருந்தான்.

வீடியோவில்தான் முதல் பேச்சு. நடுவில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர். அந்தத் தீராத நோய் என்ன என்று அன்றுதான் தெரிந்தது. காசநோய். கணவர் இறந்த சில மாதங்களில் இவருக்கு வந்திருக்கிறது. ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, சிகிச்சை முடியும்வரை சின்னவளை இல்லத்தில் விட்டிருக்கிறார். பெரியவனைப் பாட்டி வைத்துக்கொண்டார். சாதாரணக் காசநோய்க்கு மருந்து ஆறு மாதம். அவர் மருந்தை முடித்துவிட்டு இல்லத்துக்குப் போனபோது குழந்தை அங்கே இல்லை. எங்கள் வீட்டில் இருந்தாள். நாங்கள் அவளுக்கு ஷூ வாங்கிக்கொண்டிருந்திருப்போம்.

கைநாட்டு? வைத்தது அவர்தான், அதில் பொய்யில்லை. வெளிநாட்டுக்காரர்கள் படிக்கவைப்பார்கள், கடிதம் போடுவார்கள், பெரியவளானதும் வருவாள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் இல்லத்தின் ஆள். உலகின் பல சமூகங்களில் பிள்ளையை வசதியான வீட்டில் வளரவிடுவது சாதாரண விஷயம். பிள்ளை போகும், வரும், உறவு அறுவதில்லை. அவர் சம்மதித்தது அதற்கு. நாங்கள் வாங்கி வந்ததோ, சட்டத்தின் கண்ணில் அந்த உறவையே துடைத்துவிடும் உத்தரவு. ஒரே கைநாட்டுக்கு இரண்டு அர்த்தம். எங்கள் அர்த்தத்தின் பின்னால் பணமும் நீதிமன்றமும் இருந்ததால் எங்களுடையது நின்றது.

அவர் என்னிடம் நேரடியாகக் கேட்டது ஒன்றே ஒன்று. "ஏன் கடிதம் போடவில்லை?"

போட்டேன். வருஷத்துக்கு ஒன்று, போட்டோவோடு, ஏழு வருஷம். ஏஜென்சி வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு முறையும் சேர்த்துவிட்டோம் என்று பதில் வரும். பிறகு ஏஜென்சியே மூடப்பட்டுவிட்டது. ஒன்றுகூட அவர் கைக்குப் போகவில்லை.

இந்தக் கதையைச் சொன்னால் இரண்டு விதமான பதில் வருகிறது. முன்பெல்லாம் "உங்களுக்குப் புண்ணியம், அவள் கொடுத்து வைத்தவள்" என்பார்கள். இப்போது சிலர், அதுவும் படித்தவர்கள், "அப்படியானால் இது திருட்டுத்தானே" என்கிறார்கள். இரண்டும் ஒரே வேகத்தில் வருவதுதான் எனக்கு ஆச்சரியம். முதல் கூட்டத்துக்குச் சொல்ல ஒன்று உண்டு. 2015-ல் உலகில் ஏறக்குறைய 14 கோடி அனாதைகள் என்று யுனிசெஃப் சொன்னது. ஆனால் அந்தக் கணக்கில் தாய், தந்தை இருவரில் ஒருவரை இழந்தாலும் அனாதைதான். இருவரையும் இழந்தவர்கள் 1.51 கோடி. அவர்களிலும் பெரும்பாலோர் ஏதாவது உறவினரோடு வாழ்கிறார்கள். அந்த 14 கோடி என்ற எண்ணைக் கேட்டுத்தான் எங்களைப் போன்றவர்கள் விமானம் ஏறுகிறோம். 2007-ல் சாட் நாட்டிலிருந்து 103 குழந்தைகளை, போர் நடந்த சூடானின் டார்ஃபூர் பகுதி அனாதைகள் என்று சொல்லி ஒரு பிரெஞ்சு அமைப்பு விமானம் ஏற்றப் பார்த்தது. அவர்களில் பெரும்பாலோருக்குப் பெற்றவர்களில் ஒருவராவது இருந்தார்கள். 2010 ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு 33 குழந்தைகளை எல்லை தாண்டிக் கொண்டுபோகப் பார்த்த அமெரிக்கர்கள் கதையும் அதேதான். பேரழிவு நடந்த ஊரில் அனாதை யார் என்று யாருக்கும் உடனே தெரியாது. அப்போது செய்ய வேண்டியது குடும்பத்தைத் தேடுவது. தத்து பற்றிப் பேச அது நேரமே இல்லை.

இரண்டாவது கூட்டத்துக்கும் ஒன்று. "இல்லத்திலேயே விட்டிருக்கலாமே" என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. ருமேனியாவின் காப்பகங்களில் இருந்த 136 சின்னக் குழந்தைகளை 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஆராயத் தொடங்கினார்கள். வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சி காப்பகத்தில் தங்கியவர்களைவிட நன்றாக இருந்தது. அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்களுக்கு அதிகப் பலன். காப்பகம் குழந்தைக்குக் கெடுதல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கவனியுங்கள், அந்தக் குழந்தைகள் போனது அதே நாட்டில் இருந்த குடும்பங்களுக்கு. என் மகளின் விஷயத்தில் எங்கள் வீடா, இல்லமா என்பது கேள்வியே அல்ல. ஆறு மாதம் பாட்டிக்கு யாராவது கைகொடுத்திருந்தால் கேள்வியே எழுந்திருக்காது. நாங்கள் இல்லத்துக்குக் கொடுத்த 'கட்டாய நன்கொடை'யில் (கட்டாயம் என்றால் அது எப்படி நன்கொடை என்றும் நாங்கள் கேட்கவில்லை) அந்தக் குடும்பம் பல வருஷம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பல நாடுகள் இப்போது கதவைச் சாத்திவிட்டன. எத்தியோப்பியா 2018-ல், சீனா 2024 செப்டம்பரில். சீனா நிறுத்தியபோது, ஏற்கெனவே ஒரு குடும்பத்தோடு பெயர் சேர்க்கப்பட்டுக் காத்திருந்த குழந்தைகள் பலர் நடுவில் நின்றார்கள். சிறப்புத் தேவை உள்ள குழந்தைகள் அதில் நிறைய. அந்தக் குழந்தைகளை நினைத்தால் முழுத் தடைதான் தீர்வு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையிலேயே குடும்பம் தேவைப்படும் குழந்தைகள் இருக்கிறார்கள். கொஞ்சம் பெரியவர்கள், கூடப் பிறந்தவர்களோடு சேர்ந்தே போக வேண்டியவர்கள், தொடர்ந்து சிகிச்சை வேண்டியவர்கள். அவர்களை எடுக்க வரிசை நீளமாக இருப்பதில்லை. நாங்களும் விண்ணப்பத்தில் அந்தக் கட்டங்களில் டிக் போடவில்லை.

இப்போது யாராவது கேட்டால், கோப்பில் தாயைப் பற்றிய பக்கத்தை முதலில் எடு என்கிறேன். சம்மதம் எந்த மொழியில், யார் முன்னால் வாங்கப்பட்டது? படித்துக் காட்டியவருக்கு இல்லத்திலோ ஏஜென்சியிலோ சம்பளமா? குழந்தையைத் தானே வைத்துக்கொள்ள அந்தத் தாய்க்கு என்ன உதவி தருவதாகச் சொன்னார்கள், அவர் ஏன் மறுத்தார்? இதற்குப் பதில் எழுத்தில் வராவிட்டால் விலகிவிடு. காரணம் என்ற இடத்தில் வறுமை மட்டும் இருந்தால் அப்போதும் விலகிவிடு. விலகுவது அவ்வளவு சுலபமில்லை, தெரியும். அதற்குள் போட்டோ வந்திருக்கும், பெயர் வைத்திருப்பாய், அறைக்கு வண்ணம் அடித்திருப்பாய். அதனால்தான் இந்தக் கேள்விகளைப் போட்டோ வருவதற்கு முன்னால் கேட்க வேண்டும். நேரே போய்த் தாயைப் பார்த்துப் பேசிவிடலாமே என்று தோன்றும். ஹேக் உடன்படிக்கைப்படி சம்மதமும் மற்ற நடைமுறைகளும் முடியும் முன் பொதுவாக அதற்கு இடமில்லை. காரணமும் நியாயமானது. உங்கள் முகத்தைப் பார்த்தாலே அந்தப் பெண்ணின் சம்மதம் மாறிவிடும். கையில் பணத்தோடு போனால் கேட்கவே வேண்டாம்.

ஏற்கெனவே தத்தெடுத்தவர்களுக்குச் சில சின்ன விஷயங்கள். குடியுரிமைச் சான்றிதழை முதல் வருஷமே வாங்கிவிடுங்கள். குழந்தையாக அமெரிக்கா போய், பெற்றோர் அந்த ஒரு வேலையை முடிக்காததால் நடுவயதில் நாடு கடத்தப்பட்டவர்கள் உண்டு. அங்கே 2000-ல் வந்த சட்டம்கூட அப்போது பதினெட்டைத் தாண்டியிருந்தவர்களைக் காப்பாற்றவில்லை. பழைய பெயரைத் தூக்கி எறியாதீர்கள். கோப்பின் உறை, பின்னட்டைக் கிறுக்கல், போட்டோவில் பின்னால் தெரியும் சுவர் எல்லாம் உதவும். எங்களுக்குத் துப்புக் கொடுத்தது தடுப்பூசி அட்டையின் ஓரத்தில் ஒரு நர்ஸ் எழுதி வைத்திருந்த கிராமத்துப் பெயர். குழந்தை கேட்கட்டும், அப்புறம் தேடலாம் என்று இருக்காதீர்கள். எங்களுக்கு அதிர்ஷ்டம், தாய் இருந்தார். பாட்டி அதற்கு நான்கு வருஷம் முன்பே போய்விட்டார்.

'உன்னைக் காப்பாற்றினோம்' என்ற சொல் எங்கள் வீட்டில் இருந்ததில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அவள் ஒரு நாள் எண்ணிச் சொன்னாள். சாப்பிட அடம்பிடித்தபோது ஒருமுறை, மதிப்பெண் குறைந்தபோது ஒருமுறை, என் அம்மா வந்திருந்தபோது பல முறை.

சென்ற ஆண்டு மூவரும் போய்வந்தோம். அதைப் பற்றி எழுத அவள் அனுமதிக்கவில்லை. அண்ணனின் குழந்தைகளுடைய பள்ளிச் செலவைப் பற்றி மட்டும் சொல்லலாம் என்றாள். அதை அவள் தன் சம்பளத்திலிருந்து அனுப்புகிறாள், எங்கள் பணத்தைத் தொடுவதில்லை. நாங்கள் கொடுத்தால் அது என்ன பணம் என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது என்கிறாள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. நியாயமும் தெரிகிறது.

நான் இப்போது செய்துகொண்டிருப்பது அந்த ஏழு கடிதங்களை. கணினியில் பிரதி இருந்தது. ஒவ்வொன்றாக அந்த மொழிக்கு மாற்றி, பழைய போட்டோக்களோடு அனுப்புகிறேன், இந்த முறை நேராக அவர் முகவரிக்கு. அவருக்கு மகன் படித்துக் காட்டுகிறான். மூன்றாம் கடிதத்தில், முதல் பல் விழுந்த கதையை எழுதியிருந்தேன். போன வாரம் மொழிபெயர்ப்பாளரிடமிருந்து ஒரு வரி வந்தது. விழுந்த பல்லை என்ன செய்தீர்கள் என்று அம்மா கேட்கிறாராம்.

பல் என்னிடம்தான் இருக்கிறது. பீரோவில், கோப்புக்குப் பக்கத்தில், ஒரு மாத்திரை டப்பாவில். அனுப்பட்டுமா என்று மகளிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.